ஒரு லட்சம் லூமென்

டிப்போவில் முத்துராமன் தடுக்கி விழுந்ததற்கு டார்ச் லைட்தான் காரணம் என்று அந்த வீட்டில் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். எல்லோரும் என்றால் மூன்று பேர். முத்துராமன், அவர் மனைவி தமயந்தி, தீபாவளி கழித்துக் கல்யாணம் வைத்திருக்கும் மகள் ரக்ஷனா.

முத்துராமன் பஸ் ஓட்டுநர்; அங்கே பஸ் கேப்டன் என்பார்கள். விடிவதற்கு முன்பே வண்டியைச் சுற்றிவந்து டயர், கண்ணாடி, கதவு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும். இந்த வாரத் தொடக்கத்தில் அப்படிச் சுற்றிவந்தபோது, தினமும் தாண்டுகிற சிமெண்ட் மேட்டை அன்றைக்கு மட்டும் தாண்டவில்லை. முட்டியில் தையல். சனிக்கிழமை வரை எம்.சி., டாக்டர் எழுதிக்கொடுத்த லீவு.

"பெட்டியில வெளிச்சம் ஒரு லட்சம் லூமென்னு போட்டிருக்கான். எரியவிட்டா மெழுகுவர்த்தியே தேவலாம் போல இருக்கு," என்று சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தமயந்தி அதை நம்பினாள். நம்பியாக வேண்டியிருந்தது. அதற்கு முன்பே இன்னொன்று நடந்திருந்தது. தெம்பனிஸ் பக்கம், இருட்டத் தொடங்கிய நேரம், பஸ் ஸ்டாப்பிலிருந்து வண்டியை எடுத்தவர் ஒரு சைக்கிள்காரரை இடிக்கவிருந்தார். அந்தப் பெரியவர் தடுமாறிப் புல்லில் விழுந்தார். நல்லவேளை, அடியில்லை. "எங்கேருந்து வந்தாருன்னே தெரியல," என்றார் முத்துராமன். மழைத் தண்ணீர் கண்ணாடியில் மினுங்கியது என்றார். மேலதிகாரி எச்சரித்து விட்டுவிட்டார்.

அதற்கு மழை. இதற்கு டார்ச். இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருந்தவரை தமயந்திக்குத் தூக்கம் வந்தது.

அதிலும் டார்ச் விஷயம் அவளுக்குப் புதிதில்லை. ஜாலான் புசாரில் விளக்குகள் விற்கும் கடையொன்றில் தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் விளக்கில் கோளாறு உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. சனிக்கிழமை காலை அந்த டார்ச்சைப் பெட்டியோடு பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள்.

"நல்லாப் பாரு. பொய்ச் சரக்குன்னா, வாங்கின ஆப்லயே ரிவ்யூ எழுதிக் கிழிச்சுடலாம்," என்றார் முத்துராமன்.

"பாக்கிறேன். நீங்க காலைக் கீழ போடாம உக்காருங்க."

"நாளைக்கு டியூட்டி இருக்கே. சாயங்கால ஷிஃப்ட். நடந்து பழகவேணாமா?"

நாளைக்குச் சாயங்கால ஷிஃப்ட். தமயந்தி லிஃப்டில் இறங்கும்போது அந்த வார்த்தையும் கூடவே இறங்கியது.

கடையில் கூட்டமில்லை. மேசையில் பெட்டியை வைத்ததும் சக ஊழியர் ஹஸீனா எடுத்துப் படித்துப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டு கிலோமீட்டர் அடிக்குமாமே அக்கா! பன்னெண்டு மணி நேரம் எரியுமாம். இதை வச்சிக்கிட்டு கடலுக்கு அந்தப் பக்கம் பாத்தாம் தீவுக்கே சிக்னல் காட்டலாம் போல."

"முதல்ல பெட்டியைத் திருப்பு. தயாரிச்சவன் பேர் எங்கேயாவது இருக்கா?"

ஹஸீனா நான்கு பக்கமும் திருப்பினாள். பெயரும் இல்லை, மாடல் எண்ணும் இல்லை. மின்னல் படமும் பருந்துப் படமும் மட்டும் இருந்தன.

தமயந்தி மூடியைத் திருகி பேட்டரியை வெளியே எடுத்தாள். கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரியது. மேலே கொள்ளளவு 9900 என்று அச்சிட்டிருந்தார்கள்.

"இந்த சைஸ் பேட்டரியில பெரிய பெரிய கம்பெனிக்காரனே மூவாயிரத்தைந்நூறு, நாலாயிரத்துக்கு மேல அடைக்க முடியாம நிக்கிறான். இவன் மட்டும் எப்படி அடைச்சான்?"

பார்சல் தராசில் வைத்தாள். கடையில் விற்கும் நல்ல பேட்டரியையும் அருகில் வைத்து நிறுத்தாள். இது அதன் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது, அவ்வளவுதான். உள்ளே பாதி காற்று.

"அப்புறம் இந்த ஒரு லட்சம்," என்றாள். "ஒரு வாட்டுக்கு நூறு லூமென் வந்தா அதுவே நல்ல எல்.ஈ.டி. அப்போ ஒரு லட்சத்துக்கு ஆயிரம் வாட் வேணும். துணி தேய்க்கிற அயர்ன் பாக்ஸ் இழுக்கிற கரண்டு. இந்தக் குட்டிப் பேட்டரி அதைக் கொடுக்குமா? கொடுத்தாலும் கையில பிடிக்க முடியுமா, கை வெந்துடாது?"

"அப்ப முழுப் பொய்தானா அக்கா?"

"அளந்து பாத்துடுவோம்."

பின்பக்க ஸ்டோர் அறையில் விளக்கை அணைத்தார்கள். கடையில் நம்பி விற்கிற டார்ச் ஒன்றை எடுத்துவந்தாள் தமயந்தி. பெட்டியில் ஆயிரம் லூமென் என்று போட்டிருக்கும். சில நிமிஷத்துக்குப் பிறகு சூடேறி வெளிச்சம் பாதியாகிவிடும் என்றும் அதே பெட்டியில் சொல்லியிருக்கும். நல்ல பொருள் தன் குறையையும் சேர்த்து அச்சடித்திருக்கும் என்பது அவள் அனுபவம்.

அதை ஸ்டூலின் மேல் கூரையைப் பார்த்து நிறுத்தினாள். கூரையில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் அறை முழுக்க வெளுத்தது. மேசையில் வைத்திருந்த, வெளிச்சம் அளக்கும் மீட்டர் முப்பதைக் காட்டியது. பிறகு அதே இடத்தில் கணவரின் டார்ச்சை நிறுத்தினாள். மீட்டர் பத்தைக்கூடத் தொடவில்லை.

"முப்பதுக்கு ஆயிரம்னா, இதுக்கு முந்நூறு லூமென்," என்றாள் தமயந்தி. "ஒரு லட்சத்துக்கு முந்நூறு."

அடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் பிடித்து அந்த அளவுகருவியின் முகத்தில் நேராக அடித்தாள். இரண்டு கிலோமீட்டர் போகும் டார்ச் என்றால் பத்து லட்சம் காட்டவேண்டும். ஆறாயிரத்தில் நின்றுவிட்டது. கணக்குப் போட்டால் நூற்றைம்பது மீட்டர். அதுவும் கடைசியில் நிலா வெளிச்சம் அளவுக்கு மங்கி.

தமயந்தி சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"என்னக்கா, ஏமாந்துபோயிட்டு இப்படிச் சிரிக்கிறீங்க?"

"டார்ச்தான் ஹஸீனா. நிஜமாவே டார்ச்தான்."

ஹஸீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தமயந்தியின் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு, போய் அறை விளக்கைப் போட்டாள்.

சனிக்கிழமை என்பதால் நண்பகலுக்குப் பிறகு வேலை முடிந்தது. ஆயிரம் லூமென் டார்ச்சைத் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டாள். சிராங்கூன் ரோடு நெரிசலில் நடந்து, கணவருக்குப் பிடித்த உளுந்து வடை கட்டிக்கொண்டு, ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறினாள். செங்காங் வரை உட்கார இடம் கிடைக்கவில்லை. அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

வீட்டில் முத்துராமன் நாளைக்கான சட்டையைத் தேய்த்து ஹேங்கரில் மாட்டியிருந்தார். ரக்ஷனா சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு இருந்தாள்.

"சொன்னேன்ல? சொன்னேன்ல?" முந்நூறு என்று கேட்டதும் முத்துராமன் எழுந்தே விட்டார். "திருட்டுப் பசங்க! ஒருத்தன் கால் போச்சு இவனுங்களால."

"இது நம்ம கடை டார்ச். இதுல போட்டிருக்கிறது அப்படியே வரும், நானே அளந்துட்டேன். நாளைக்கு இதை எடுத்துட்டுப் போங்க."

"பகல்ல எப்படிப் பாக்கிறது?"

"ஷெல்டர் இருக்கேப்பா," என்றாள் ரக்ஷனா. "கதவைச் சாத்தினா கும்மிருட்டு."

அவர்கள் வீட்டு பாம் ஷெல்டர், குண்டு விழுந்தால் பதுங்கவென்று கட்டிய அறை, எல்லா வீட்டிலும் போலவே, ஸ்டோர் ரூமாகிவிட்டிருந்தது. அரிசி மூட்டை, பழைய பெட்டிகள், மின்விசிறி, தீபாவளி அலங்கார விளக்குகள், கல்யாணத்துக்கு வாங்கி அடுக்கிய பாத்திரங்கள். ஜன்னல் கிடையாது. மூவரும் நெருக்கியடித்து உள்ளே போனார்கள். ரக்ஷனா இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

முத்துராமன் சுவிட்சைத் தட்டினார்.

"ஐயோ அப்பா, மூஞ்சியில அடிக்காதீங்க! கண்ணு கூசுது!" ரக்ஷனா கையால் முகத்தை மறைத்தாள்.

தமயந்தியும் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். வெள்ளைச் சுவர், பாத்திரங்களின் பளபளப்பு, மூட்டையில் அச்சிட்ட எழுத்து, எல்லாம் பட்டப்பகல்போலத் தெரிந்தது.

முத்துராமன் டார்ச்சை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"இதுவும் அதே மாதிரிதான் இருக்கு லா."

"எது மாதிரி?"

"பழசு மாதிரி. நடுவுல ஒரு வட்டம். சுத்தி ஒண்ணுமில்ல. உங்க கடைக்காரனும் ஏமாத்துறான் போல."

தமயந்தி டார்ச்சின் தலையை உற்றுப் பார்த்தாள். சுவர் முழுக்கத்தான் வெளிச்சம் விழுந்திருந்தது. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"அப்பா, உங்க லெஃப்ட் சைட்ல என்ன இருக்கு?" என்றாள் ரக்ஷனா.

"என்ன இருக்கு?"

"தலையைத் திருப்பாம சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது..." என்று அவர் இடது பக்கம் கையை நீட்டினார். முழங்கை அலமாரித் தட்டில் இடித்தது. அங்கே இருந்த துணிப்பை சரிந்து விழுந்தது. சிமெண்ட் தரையில் ஏதேதோ உருண்டோடின.

ரக்ஷனா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எல்லாம் டார்ச். எல்லாவற்றின் மேலும் எண் அச்சிட்டிருந்தது.

"இருபதாயிரம்," என்று படித்தாள். "இது அம்பதாயிரம். இது எண்பதாயிரம்." நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "எப்பப்பா வாங்கினீங்க இதெல்லாம்?"

முத்துராமன் கையிலிருந்த டார்ச்சை அணைத்துவிட்டார்.

அந்த இருட்டில் தமயந்திக்கு எல்லாம் விளங்கிற்று. கடைக்கு விளக்கு திரும்பி வந்தால் அவள் முதலில் செய்வது, அதே இடத்தில் நல்ல விளக்கை மாட்டிப் பார்ப்பதுதான். நல்ல விளக்கும் மங்கலாக எரிந்தால் கோளாறு விளக்கில் இல்லை. எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இன்று காலையில் பாதிச் சோதனையை முடித்துவிட்டுச் சிரித்தது அவள்தான்.

'எங்கேருந்து வந்தாருன்னே தெரியல.' அந்தச் சைக்கிள்காரரைப் பற்றி அவர் பொய் சொல்லியிருக்கவில்லை.

"கதவைத் திற," என்றாள் மகளிடம்.

வெளியே வந்ததும் முத்துராமன் நேராக நாற்காலிக்குப் போனார். வடைப் பொட்டலம் மேசையில் பிரிக்காமல் கிடந்தது. ரக்ஷனா அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அம்மாவும் அப்பாவும் தனியாகப் பேசவேண்டிய நேரம் அவளுக்குத் தெரியும்.

"எத்தனை நாளா?" என்றாள் தமயந்தி.

"தெரியல. வருஷக் கணக்கா இருக்கலாம். முதல்ல சினிமாத் தியேட்டர்ல. அப்புறம் கார்பார்க்ல. வயசாகுதுன்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? பகல்ல எல்லாம் நல்லாத் தெரியுது தமா. போன மெடிக்கல்ல கடைசி வரி எழுத்து வரைக்கும் படிச்சேன். டாக்டரே சூப்பர்னாரு. வெளிச்சம் இருந்தா ஒண்ணுமே இல்ல. அதான், வெளிச்சம் பத்தலன்னு நினைச்சேன். பெரிய நம்பரா பாத்து வாங்கினா சரியாயிடும்னு..."

ஒரு லட்சம் போட்டதையும் சேர்த்து நாலு டார்ச்சையும் தமயந்தி மேசையில் வைத்திருந்தாள். அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீயே சொல்லேன், அது பொய்ச் சரக்குதானே? அளந்தியே."

"பொய்ச் சரக்குதாங்க. ஆனா இது பொய் இல்லையே." புது டார்ச்சைத் தொட்டுக் காட்டினாள்.

"டே ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கிறேன்."

"என்ன சொல்லிக் கேப்பீங்க?"

"மூட்டு வலி, அது இதுன்னு ஏதாச்சும். கல்யாணம் வரைக்கும்தானே லா. கல்யாணத்துல மாப்பிள்ளை ஜெய் வீட்டுக்காரங்க முன்னாடி வேலையில்லாம நிக்கச் சொல்றியா?"

"நாளைக்கு சாயங்கால ஷிஃப்ட்."

"ஒரே ஒரு நாள். எனக்குத் தெரிஞ்ச ரூட்டு. கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் தமயந்தி அவரை இப்படிப் பார்த்ததில்லை. அவருடைய அம்மா தவறியபோதுகூட வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டு நின்ற மனிதர்.

"பஸ்ஸை விட்டா நான் யாரு தமா?" என்றார் கைகளுக்குள்ளிருந்தே.

தமயந்தியின் மனதில் அந்தப் பெரியவர் சைக்கிளோடு புல்லில் கிடந்த காட்சிதான் வந்தது. புல் இல்லாமல் ரோடாக இருந்திருந்தால் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"நான் போன் பண்றேன்," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "யாருக்கு?"

"ரஞ்சன் சாருக்கு."

ரஞ்சன் டிப்போவில் டியூட்டி போடுகிறவர். தமயந்தி கணவரின் போனை எடுத்துப் பெயரைத் தேடினாள். முத்துராமன் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை.

"நீ இப்ப கண்ணுன்னு ஒரு வார்த்தை சொன்னா லைசென்ஸ் போச்சு. திரும்பி வராது. அது உனக்குப் புரியுதா?"

"புரியுது."

"புரிஞ்சும் பண்றியா?"

"ஒருத்தரும் சாகாம இருக்கும்போதே பண்றேன்."

மணி அடித்தது. எதிர்முனையில் ரஞ்சனின் குரல் உற்சாகமாக வந்தது. "அண்ணே! கால் எப்படி இருக்கு? நாளைக்கு வர்றீங்கதானே? ஆள் ஷார்ட்டு."

"நான் அவர் வைஃப் பேசறேன் சார்," என்றாள். "நாளைக்கு அவரால வர முடியாது."

"ஏன் சிஸ்டர், கால் இன்னும் வலிக்குதா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளை ஒருநாள் தப்பிக்கும். திங்கட்கிழமை வேறு பொய் பார்த்துக்கொள்ளலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது அது. தமயந்தி கணவரைப் பார்த்தாள். அவர் கையை நீட்டினார். பிடுங்கிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் கொடுத்தாள்.

முத்துராமன் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"ரஞ்சன். கால் இல்ல. கண்ணு," என்றார். "ராத்திரியில தெரியமாட்டேங்குது. ஆமா. இல்ல, இப்ப இல்ல, ரொம்ப நாளா. ஆமா, அந்த சைக்கிள் அன்னைக்கும். நான் திங்கக்கிழமை டாக்டரைப் பாத்துட்டு நேர்ல வந்து சொல்றேன். வேற யாரையாச்சும் போட்டுக்க."

எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று தமயந்திக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய், ஹேங்கரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். காலர் கசங்காமல், பித்தான்களைப் போட்டு, கடையில் மடிப்பதுபோல மடித்தார். தமயந்தி உதவிக்குப் போகவில்லை. அவர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவு சத்தமில்லாமல்தான் மூடிக்கொண்டது. அவருக்குக் கோபமிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது அவளுக்கு.

சமையலறையில் ரக்ஷனா வடைகளைத் தட்டில் அடுக்கியிருந்தாள். யாரும் சாப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் அடுக்கியிருந்தாள். தமயந்தி வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

"எல்லாம் கேட்டுச்சா?"

"ம்."

"ஜெய் வீட்டுல நானே சொல்றேன். அப்பா வேலைக்குப் போகலைன்னா என்ன இப்ப? அதுக்காக யாரும் கல்யாணத்தை நிறுத்திடமாட்டாங்க. நீ கவலைப்படாதே."

"ஜெய்கிட்ட நான்தான்மா சொல்லணும்."

"சரி, நீயே சொல்லு. அப்பா வேலையை விட்டுட்டாருன்னு சொன்னாப் போதும்."

"நான் அப்பா வேலையைப் பத்திச் சொல்லல."

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். ரக்ஷனா தட்டின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அதே நீள முகம், அதே அடர்ந்த புருவம். பிறந்த அன்றே எல்லோரும் சொன்னார்கள், அப்பனை உரித்துவைத்திருக்கிறாள் என்று.

"போன வாரம் படத்துக்குப் போனோம்ல," என்றாள் ரக்ஷனா. "லேட்டாயிடுச்சு. உள்ள லைட் அணைச்சுட்டாங்க. எனக்கு படியே தெரியலம்மா. ஒரு படி கூட. ஜெய் கையை கெட்டியாப் பிடிச்சிக்கிட்டேன். சீட் வரைக்கும் விடல." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள். "அவன் நான் ஆசையில பிடிச்சேன்னு நினைச்சிக்கிட்டான். படம் முடியிற வரைக்கும் ஒரே சந்தோஷம் அவனுக்கு."

தமயந்தியின் கையிலிருந்து கத்தி மேசைமேல் இறங்கியது.

"இருட்டுல எல்லாருக்கும்தான் முதல்ல தெரியாது. கொஞ்ச நேரத்துல பழகிடும்."

"அதான்மா. எல்லாரும் பழகிட்டாங்க."

படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, தமயந்தி மகளின் அருகில் வந்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எந்தக் கண்ணுடி?"

"ரெண்டும்தான்மா," என்றாள் ரக்ஷனா. "இப்ப அப்பாகிட்ட சொல்லாதீங்க."